பசுவைப் பழிக்குமுன் காளையைப் பாருங்கள்



கெடா மாநிலத் தோட்டப் புறங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாட்டுக் கொட்டகை புதிதல்ல. விடியற்காலையில் பால்மரம் சீவப் புறப்படுமுன் பால் கறந்து வைத்துவிட்டுப் போனவர்கள் நம் தாய்மார்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவும், தீபாவளித் துணிமணியும், சில வீடுகளில் பெண்ணின் கழுத்தில் ஏறிய நகையும்கூட அந்தப் பாலில் வந்தவைதாம். இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. நம்மவர் பலர் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற பட்டணங்களில் குடியேறிவிட்டார்கள். ஆயினும் மாட்டை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காகவே இந்தப் பேச்சு.

ஒரு சிறு நிகழ்ச்சியோடு தொடங்குகிறேன். என் பாட்டி பீடோங்குக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்துக்குப் பின்னால் ஐந்து பசுக்கள் வைத்திருந்தார். அவற்றுள் சிவப்பி என்ற பசு இரண்டு ஈற்றிலும் நன்றாகக் கறந்தது. மூன்றாவது ஈற்றுக்குச் சினை நிற்கவில்லை. தோட்டத்து மாடுகளுக்கெல்லாம் பொதுவாக இருந்த ஒரு காளையோடு ஒன்றரை வருடம் திரிந்தும் பயனில்லை. "மலட்டு மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டு என்ன கண்டாய்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். கசாப்புக் கடைக்குப் போகவேண்டிய விலைக்கே பாடாங் செராய்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சிவப்பியை ஓட்டிப் போனார். மறு வருடம் செய்தி வந்தது. சிவப்பி அங்கே கிடாரிக் கன்று ஈன்றிருந்தது.

பாட்டி அன்று அழுதார். "நான்தான் அதன் ராசியைக் கெடுத்துவிட்டேன்" என்றார். ராசி கெடவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் கொட்டகையிலிருந்த மற்ற நான்கு பசுக்களிலும் ஒன்றுதான் சினையானது. இதை அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. காளையைப் பார்த்தால் திமில் நிமிர்ந்து, கழுத்து பருத்து, கம்பீரமாகத்தான் இருந்தது. பசுவின் மேல் ஏறவும் செய்தது. ஆகவே குறை காளையிடம் இருக்கும் என்ற எண்ணமே ஒருவருக்கும் எழவில்லை.

இந்த வழக்கம் மாட்டுக் கொட்டகையோடு நின்றுவிடவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் பெண்ணையே முதலில் பழிக்கிறோம். ஆணும் சோதனைக்குப் போகவேண்டும் என்று மருத்துவர் சொன்னால் முகம் சுளிக்கிறோம். மனிதரிலும் சரி, மாட்டிலும் சரி, கரு உண்டாக இரண்டு பக்கமும் வேண்டும். குறை இரண்டு பக்கமும் இருக்கலாம்.

சொல்லப்போனால் மாட்டுப் பட்டியில் காளையின் குறை பசுவின் குறையைவிடப் பெரிய நட்டம். ஒரு பசு சினையாகாவிட்டால் ஒரு கன்று போகும். ஒரு காளை கெட்டால் அது சேரும் எல்லாப் பசுக்களின் கன்றுகளும் போகும். வளர்ந்த, நல்ல திடமுள்ள ஒரு பொலிகாளை ஏறக்குறைய 25 முதல் 30 பசுக்களுக்குப் போதும் என்பார்கள். இளங்காளையானால் 10 முதல் 15 பசுக்கள்தான். அத்தனை பசுக்களின் பாலும் கன்றும் அந்த ஒரு காளையை நம்பி இருக்கின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டியில் 20 பசுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சினைப்படாத பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். நல்ல காளை ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பசுக்களில் ஆறைச் சினைப்படுத்துகிறது என்று கொள்வோம். முதல் சுற்றில் 12 பசுக்கள் சினையாகும். மீதி 8. அடுத்த சுற்றில் அவற்றுள் 5 சினையாகும். மூன்றாவது சுற்றில் இன்னும் 2. ஆக இரண்டே மாதத்தில் 20 பசுக்களில் 19 சினை. ஒன்றுதான் மிச்சம்.

இப்போது குறையுள்ள ஒரு காளையை எடுத்துக்கொள்வோம். அது பத்துக்கு இரண்டு பசுக்களைத்தான் சினைப்படுத்துகிறது. முதல் சுற்றில் 4, அடுத்ததில் 3, மூன்றாவதில் 3. மொத்தம் 10 பசுக்கள். மற்ற 10 வெறுமனே நிற்கின்றன. அவையும் புல் தின்னும், மருந்து கேட்கும், பால் மட்டும் தரமாட்டா.

இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. முழு மலட்டுக் காளையைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு பசுவும் சினையாகாதபோது எவருக்கும் சந்தேகம் வரும். பாதி மலட்டுக் காளைதான் நம்மை ஏமாற்றுவது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கன்று பிறந்துகொண்டிருக்கும். "அந்தப் பசு ஈன்றதே, காளை நல்ல காளைதான்" என்று நாமே சாட்சி சொல்வோம். பல நாடுகளில் மந்தைக் காளைகளை மருத்துவர்கள் சோதித்தபோது, பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை தேறாமல் போயிருக்கின்றன. வெளிப் பார்வைக்கு அவற்றுள் பல நன்றாகத்தான் இருந்தன.

அப்படியானால் காளையின் மேல் சந்தேகப்படவேண்டிய நேரம் எது? இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் நாட்காட்டி போதும். எந்தப் பசு எந்த நாளில் காளையோடு சேர்ந்தது என்று அன்றே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். சேர்ந்த நாளிலிருந்து 18 முதல் 24 நாளுக்குள் அந்தப் பசு மறுபடி கத்தினால், மற்ற மாடுகள் தன்மேல் ஏற நின்று கொடுத்தால், பின்புறத்தில் கண்ணாடி போன்ற வழவழப்பான திரவம் வடிந்தால், சினை பிடிக்கவில்லை என்று பொருள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தத் தாளைப் பாருங்கள். ஒரே ஒரு பசு மட்டும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்திருந்தால் அந்தப் பசுவைச் சோதிக்கவேண்டும். பல பசுக்கள் அப்படி வந்திருந்தால் காளையைச் சோதிக்கவேண்டும். நேயர்களே, இன்றைய பேச்சில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஒரு வாக்கியத்தை மறக்காதீர்கள்: ஒன்று திரும்பினால் பசுவைப் பார்; பல திரும்பினால் காளையைப் பார்.

சரி, காளையை எப்படிச் சோதிப்பது? கால்நடை மருத்துவர்கள் இதில் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுகிறார்கள். உடல் நன்றாக இருக்கிறதா? விதை நன்றாக இருக்கிறதா? விந்து நன்றாக இருக்கிறதா? பசுவோடு சேரும் விருப்பமும் திறனும் இருக்கின்றனவா? இவற்றில் முதலாவதையும் கடைசியையும் நீங்களே பார்க்கலாம். நடுவில் உள்ள இரண்டுக்கும் மருத்துவர் வேண்டும்.

முதலில் உடல். காளை நடப்பதைப் பின்னாலிருந்து பாருங்கள். பசுவின் மேல் ஏறும்போது உடல் பாரம் முழுவதையும் பின்னங்கால்கள் தாங்குகின்றன. குளம்பில் புண், முழங்காலில் வீக்கம், நொண்டல் எது இருந்தாலும் அந்தக் காளை இரண்டு நாள் ஏறும், மூன்றாம் நாள் ஒதுங்கி நிற்கும். செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் நாள் முழுதும் நிற்கும் மாடுகளுக்குக் குளம்பு அழுகல் வருவது சகஜம். அடுத்துக் கண். பருவத்துக்கு வந்த பசுவைக் காளை மூக்கால் மட்டுமன்றிக் கண்ணாலும் கண்டுகொள்கிறது. பல் தேய்ந்த கிழக்காளை மேய முடியாமல் மெலியும். மெலிந்த காளைக்கு விருப்பமும் குறையும். அதற்காகக் கொழுக்க வைப்பதும் தவறு. மிதமிஞ்சிய கொழுப்பு விதைப்பையின் மேற்புறத்திலும் சேரும். அங்கே கொழுப்புச் சேர்ந்தால் என்ன கெடுதல் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, விதை. இரண்டு விதைகளும் பையில் இறங்கியிருக்கவேண்டும். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட காளையைப் பொலிகாளையாக வைக்கக்கூடாது. அந்தக் குறை கன்றுகளுக்கும் போகக்கூடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில், தொட்டால் கெட்டியாகவும் துள்ளலாகவும் இருக்கவேண்டும். களிமண் போல் மெத்தென்று இருந்தாலும் கல் போல் இறுகியிருந்தாலும் நல்லதல்ல. ஒன்று வீங்கிச் சூடாக இருந்தால் நோய் இருக்கிறது.

மருத்துவர் காளையை உறுதியான மரச் சட்டத்துக்குள் நிறுத்தி, விதைகளைக் கீழே இறக்கிப் பிடித்து, மிக அகன்ற இடத்தில் நாடாவால் சுற்றளவு எடுப்பார். தையற்காரர் இடுப்பளவு எடுப்பது போலத்தான். அமெரிக்கக் கால்நடை இனப்பெருக்க மருத்துவர்களின் அளவுப்படி, 15 மாதக் காளைக்குக் குறைந்தது 30 சென்டிமீட்டரும், இரண்டு வயது கடந்த காளைக்குக் குறைந்தது 34 சென்டிமீட்டரும் இருக்கவேண்டும். இந்த அளவு ஐரோப்பிய மாட்டினங்களைக் கொண்டு வகுக்கப்பட்டது. திமிலுள்ள நம் கீழ்நாட்டு மாடுகள் சற்றுத் தாமதமாகவே பருவம் அடைகின்றன. கெடா–கிளந்தான் மாடு என்று நம் மாநிலத்தின் பெயரையே தாங்கிய உள்நாட்டு மாடு உருவத்திலும் சிறியது. ஆகவே உங்கள் காளையின் இனத்தையும் வயதையும் எடையையும் வைத்து மருத்துவர்தான் முடிவு சொல்லவேண்டும். ஆனால் ஒன்று உறுதி. ஒரே இனத்தில், ஒரே வயதில், விதை பெரிதாக உள்ள காளை அதிக விந்தணுக்களை உண்டாக்குகிறது. அதற்குப் பிறக்கும் கிடாரிகளும் விரைவில் பருவத்துக்கு வருகின்றன.

ஓர் எச்சரிக்கை. இந்த அளவை வீட்டில் நீங்களாக எடுக்க முயலவேண்டாம். வளர்ந்த காளையின் பின்னால் குனிந்து நிற்பது உயிருக்கு ஆபத்து. "நான் வளர்த்த காளை, என்னை ஒன்றும் செய்யாது" என்று சொன்னவர்களும் முட்டுப்பட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, விந்து. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிரணுக்களை உலகில் முதன்முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கண்டு எழுதியவர் ஆலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரத்தில் வாழ்ந்த லேவன்ஹுக் என்ற துணி வியாபாரி. ஆண்டு 1677. துணியின் இழையைச் சோதிக்கக் கண்ணாடி வைத்துப் பழகிய மனிதர், தாமே சிறு கண்ணாடிகளைத் தேய்த்து, அதுவரை எவரும் காணாத ஓர் உலகத்தைக் கண்டார். தலையும் நீண்ட வாலுமாக, தவளைக் குஞ்சுகள் போல் நீந்தும் அணுக்கள் அவை. இன்று கால்நடை மருத்துவர் உங்கள் காளையின் விந்தில் பார்ப்பதும் அவற்றைத்தான்.

விந்தை எடுப்பதற்கு ஒரு குழாய் உண்டு. அதன் உட்புறம் ரப்பர் உறையால் ஆனது. உறைக்கும் குழாய்க்கும் இடையே வெதுவெதுப்பான நீர் இருக்கும். காளை ஏறும்போது அந்தக் குழாயில் விந்தைப் பிடித்துக்கொள்வார்கள். நம் முன்னோர் சீவிய பாலுக்கு இப்படியும் ஒரு பயன். பழக்கமில்லாத காளையானால் மெல்லிய மின்தூண்டலால் விந்தை எடுக்கும் கருவியும் உண்டு. அது பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே இருக்கவேண்டியது.

எடுத்த விந்தில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து உடனே பார்க்கவேண்டும். குளிர்ச்சி, வெயில், தண்ணீர், சோப்பு எது பட்டாலும் அணுக்கள் செத்துவிடும். நல்ல விந்தானால் அணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சுழன்று, மழை மேகம் திரள்வது போல் தெரியும். எத்தனை அணுக்கள் நேராக முன்னேறி நீந்துகின்றன என்று மருத்துவர் பார்ப்பார். முன்சொன்ன அளவுப்படி நூற்றுக்கு 30ஆவது அப்படி நீந்தவேண்டும். பிறகு சாயம் ஏற்றி உருவத்தைப் பார்ப்பார். தலை பிளவுபட்டது, வால் சுருண்டது, வாலே இல்லாதது என்று குறையுள்ளவை இருக்கும். நூற்றுக்கு 70ஆவது சரியான உருவத்தில் இருக்கவேண்டும். வளர்ந்த காளை ஒருமுறையில் விடும் விந்து சில மில்லி லிட்டர்தான். அதற்குள் பல நூறு கோடி அணுக்கள் இருக்கும். எண்ணிக்கை பெருத்தும் நீந்தும் சக்தி இல்லாவிட்டால் பயனில்லை.

நான்காவது, விருப்பமும் திறனும். இதைக் காண ஒரு மாலைப் பொழுது போதும். பருவத்துக்கு வந்த பசுவைக் காளை தேடிப் போகிறதா, அல்லது புல்லிலேயே நாட்டமாக இருக்கிறதா? ஏறினால் சரியாகச் சேருகிறதா, அல்லது குறி தவறி இறங்கிவிடுகிறதா? குறியில் காயம், வளைவு, ஒட்டுதல் இருந்தால் ஏறுவது தெரியும், சேர்வது நடவாது. "ஏறியது, நான் கண்ணால் பார்த்தேன்" என்பது சாட்சியாகாது. பாட்டி வீட்டுக் காளையும் ஏறத்தான் செய்தது.

இனி, நல்ல காளை எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். விதை ஏன் உடலுக்கு வெளியே தொங்குகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? உடலின் சூட்டில் விந்தணு சரியாக உருவாகாது. உடல் சூட்டைவிடச் சில பாகை குறைவாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். அதனால் வெயில் நேரத்தில் விதைப்பை தளர்ந்து இறங்கும். குளிரில் சுருங்கி மேலே ஏறும். விதைப்பையின் மேற்புறம் கொழுப்புப் பிடித்தால் சூடு வெளியேற முடியாது என்று முன்பு சொன்னது இதனால்தான்.

நம் கெடாவில் ஆண்டின் முதல் மாதங்கள் வறண்ட காலம். வெயில் கடுமையாக இருக்கும், புல் காயும். அந்தக் காலத்தில் காளையை நிழலில்லாத வெளியில் கட்டிப்போட்டால் விந்து கெடும். ஐரோப்பிய இரத்தம் கலந்த பால்மாட்டுக் காளைக்கு இந்தப் பாதிப்பு அதிகம். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த காலத்தில் வந்த மாடுகளின் வழியில் தோன்றிய நாட்டுப் பால்மாடுகளும், கெடா–கிளந்தான் மாடுகளும் வெயிலை இன்னும் நன்றாகத் தாங்குகின்றன. எந்தக் காளையானாலும் நடுப்பகலில் மரநிழல், குடிக்கத் தாராளமாகத் தண்ணீர், பச்சைப் புல், நக்குவதற்குத் தாது உப்புக் கட்டி இவை வேண்டும்.

வெயில் போலவே காய்ச்சலும் விந்தைக் கெடுக்கும். கோமாரி என்று நாம் சொல்லும் கால், வாய்ப் புண் நோய் வந்த காளை சில நாளில் எழுந்து மேயத் தொடங்கும். அதன் விந்து தேற நாளாகும். 2021ஆம் ஆண்டில் மலேசியாவில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உடலெங்கும் கட்டி கட்டியாக எழும்பும் அந்த நோய், காளையைச் சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ மலடாக்கக் கூடியது. ஆகவே தடுப்பூசி போட அதிகாரிகள் வரும்போது பசுக்களை மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டுக் காளையை ஓட்டிவிடாதீர்கள்.

இங்கே பொறுமை வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 60 நாள் ஆகிறது. அது முதிர்ந்து வெளியே வர மேலும் பத்து நாள்போல் ஆகும். ஆகவே இன்று நீங்கள் காணும் விந்து இரண்டு மாதத்துக்கு முன்பே உருவாகத் தொடங்கியது. காளைக்கு மார்ச் மாதம் காய்ச்சல் வந்தால் அதன் விளைவு ஏப்ரலிலும் மே மாதத்திலும் தெரியும். இதனால்தான் மருத்துவர்கள் முதல் சோதனையிலேயே எல்லாக் காளைகளையும் தள்ளிவிடுவதில்லை. "தகுதி உண்டு", "தகுதி இல்லை" என்ற இரண்டோடு, "இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்ற மூன்றாவது முடிவும் உண்டு. ஒரு சோதனையில் தவறிய காளையை மறுநாளே கசாப்புக்கு அனுப்பவேண்டாம்.

நோய்களைப் பற்றி இன்னும் ஒரு சொல். விந்து நன்றாக இருந்தாலும் காளை நோய் சுமந்து வரலாம். டிரைக்கோமோனாஸ், கேம்பிலோபேக்டர் என்ற கிருமிகளால் வரும் இரண்டு நோய்கள் புணர்ச்சியால் மட்டுமே பெரும்பாலும் பரவுபவை. காளையிடம் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. பசுவுக்குக் கரு தங்கிச் சில வாரங்களில் கலைந்துவிடும். "ஒரு நாளைக்குக் காளையைக் கொடு அண்ணே" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்பதும் நாம் கொடுப்பதும் நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் காளை அங்கிருந்து எதைக் கொண்டுவருகிறது என்பது நமக்குத் தெரியாது. இரவல் காளையானாலும் விலைக்கு வாங்கும் காளையானாலும் சோதித்த பிறகே பட்டிக்குள் விடவேண்டும்.

இவற்றைவிட அச்சம் தருவது புரூசெல்லா என்னும் கன்று வீச்சு நோய். இதில் காளையின் விதை வீங்கக்கூடும். பசு ஐந்து மாதத்துக்கு மேல் சினையாக இருந்து கன்றை வீசிவிடும். இது மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, உடல் தளர்ச்சி என்று மாதக்கணக்கில் வருத்தும். வீசப்பட்ட கன்றையும் நச்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். சிறுபிள்ளைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் அருகே விடாதீர்கள். நாய் இழுத்துப் போகாதபடி ஆழமாகப் புதையுங்கள். பாலை எப்போதும் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். கன்று வீசியதை மறைக்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். காளைக்கும் பசுவுக்கும் இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். வட மாநிலங்களுக்கான கால்நடைச் சோதனைக்கூடம் செபெராங் பிறையில் புக்கிட் தெங்காவில் இருக்கிறது. உங்கள் வட்டாரக் கால்நடை அலுவலகமே மாதிரிகளை அனுப்பும் வழியைச் சொல்லும்.

காளையே வேண்டாம், ஊசி மூலம் சினைப்படுத்திக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. இந்தியாவில் இந்த முறை 1939ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் தொடங்கியது. விந்தை உறையவைத்தும் உயிரோடு காக்கலாம் என்று இங்கிலாந்து அறிஞர்கள் 1949இல் கண்டார்கள். இன்று திரவ நைட்ரஜனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிரில், விந்தைப் பல ஆண்டுகள் வைக்கலாம். நம் நாட்டில் பகாங் மாநிலம் ஜெராண்டுட்டில் உள்ள கால்நடைத் துறை நிலையம் இப்படி உறைந்த விந்தைத் தயாரிக்கிறது. அங்கே ஒவ்வொரு முறை எடுக்கும் விந்தையும் உருப்பெருக்கியில் பார்த்த பிறகே சேமிக்கிறார்கள். தேர்ந்தெடுத்து, கண்ணும் கருத்துமாக வளர்க்கும் காளையையே அவர்கள் நம்பிவிடாமல் சோதிக்கிறார்கள் என்றால், எங்கிருந்தோ வாங்கி வந்த நம் காளையை நாம் ஒருமுறைகூடச் சோதிக்காமல் விடலாமா?

ஊசி முறைக்குப் பசு பருவத்துக்கு வரும் நேரத்தைத் தவறாமல் கண்டுபிடிக்கவேண்டும். அந்த நேரத்தில் ஆள் வந்து சேரவேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பும் குடும்பங்களுக்கு இது எப்போதும் கைகூடுவதில்லை. அதனால்தான் பட்டியில் காளை வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒரே காளையை நான்கைந்து வருடம் வைத்தால் அதன் பெண் கன்றுகளே வளர்ந்து அதனோடு சேரும். பிறக்கும் கன்றுகள் நோஞ்சானாகும், சினைத் திறனும் குறையும். கிடாரிகள் பருவத்துக்கு வருமுன் காளையை மாற்றிவிடுங்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். பசு சேர்ந்த நாளையும் திரும்பிய நாளையும் எழுதி வையுங்கள். காளையின் நடையையும் விருப்பத்தையும் மாதம் ஒருமுறை நின்று பாருங்கள். புதுக் காளை வாங்குமுன் கால்நடை மருத்துவரிடம் விதையையும் விந்தையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய காளையை வருடத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். காய்ச்சல் கண்ட காளைக்கு இரண்டு மாத ஓய்வு கொடுத்து, மறுபடி சோதித்த பின் பட்டியில் விடுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள். ஒரே காளையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் சோதனைச் செலவையும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

என் பாட்டி கடைசிவரை சிவப்பியை மறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் எத்தனையோ பசுக்கள் வந்து போயின. "அதைப்போல் மடி இறக்கின மாடு இன்னொன்று இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாட்காட்டியில் நாலு கோடு இழுத்திருந்தால் அந்தப் பசு எங்களிடமே இருந்திருக்கும். உங்கள் கொட்டகையில் இப்போது ஒரு பசு சினையாகாமல் நிற்கிறதா? அதற்கு விலை பேச ஆள் வருமுன், மற்ற பசுக்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு காளையைப் பாருங்கள்.